தெரியும் என்று கையெழுத்திட்டவர்

ஷேக் தாவூதுக்குப் பெயர்கள் நிற்காது. முகங்கள் நிற்கும். அது போதும் என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தார்.

சதுரங்கப்பட்டினத்தில் கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. எட்டு வண்டிகள். கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் அதில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே கேட்டவருக்கெல்லாம் வண்டி கொடுத்துவிட மாட்டார்கள். ஆள் தெரிந்தவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிவர வேண்டும். நோட்டில் பெயரும் நேரமும் எழுதுவதெல்லாம் பிறகு. வண்டி கேட்டு ஒருவன் வந்து நின்றால் முதலாளி தாவூதைப் பார்ப்பார். தாவூது தலையை அசைத்தால் வண்டி வெளியே போகும். குப்பத்து ஆட்கள், சந்தைக்கு வருகிறவர்கள், மகாபலிபுரத்தில் கல் உடைக்கப் போகிறவர்கள் என்று யார் யாரோ வருவார்கள். எங்கே பார்த்தோம் என்று யோசிக்கப் போனால் நேரமாகும். பார்த்திருக்கிறோம் என்பது மட்டும் உடனே வந்துவிடும். தாவூது அதற்கு மேல் காத்திருந்ததில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் தலையசைத்துக் கொடுத்த ஒரு வண்டியும் திரும்பி வராமல் போனதில்லை.

கல்பாக்கத்தில் அணுமின் நிலைய வேலைகள் ஆரம்பித்தபோது தெருவில் புது முகங்களாக வர ஆரம்பித்தன. முதலாளி இறந்தார். அவருடைய மகன்கள் கடையை விற்றுவிட்டார்கள். தாவூதும் அவர் மனைவி சைனம்புவும் செங்கல்பட்டுக்கு வந்தார்கள். ஒரே மகள் சுராயா கல்யாணமாகி வாலாஜாபாத்தில் இருந்தாள். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு ஒன்றைக் காண்டிராக்ட் எடுத்திருந்தவர் தாவூதை அங்கே உட்காரவைத்தார்.

தகரக் கூரை போட்ட கொட்டகை. காலையில் இருநூறு வண்டிகள் சேரும். யாரும் பூட்டக் கூடாது, ஏனென்றால் தாவூது அவற்றை நகர்த்தி நகர்த்தி இடம் பண்ண வேண்டும். ஒரே நம்பர் போட்ட இரண்டு தகர வில்லைகளில் ஒன்றை ஹாண்டில் பாரில் மாட்டிவிட்டு இன்னொன்றை வண்டிக்காரரிடம் கொடுக்க வேண்டும் என்பது விதி. தினமும் வருகிறவர்களுக்கு அவர் வில்லை கொடுப்பதில்லை. அவர்கள் சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கி வரும்போதே, வரிசைக்குள் புகுந்து அவரவர் வண்டியை இழுத்து வெளியே வைத்திருப்பார். வண்டிக்கு முகம், முகத்துக்கு வண்டி. சிலர் அதைப் பெருமையாக மற்றவர்களிடம் சொல்வார்கள். அவருக்கு அதில் பெருமை இல்லை. முதுகு வலித்தது.

எழுபத்தாறாம் வருஷம் ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பாசஞ்சர் ரயில் வந்து நின்று, அறுபது எழுபது பேர் ஒரே சமயத்தில் கொட்டகைக்குள் ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் அவசரம். தலையில் துண்டு போட்டிருந்த ஒருவன், "பாய், அந்தப் பச்சை வண்டி" என்றான். தாவூது அவனைப் பார்த்தார். தெரிந்த முகம். மூன்றாவது வரிசையிலிருந்து பச்சை ராலி சைக்கிளை அவரே தூக்கி எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் மழையில் ஏறிப் போனான்.

அரை மணி கழித்துக் கல்பாக்கத்து ஸ்டாஃப் பஸ் வந்தது. அதிலிருந்து இறங்கியவர்களில் ராஜாராம் ஒருவர், அங்கே டெக்னீஷியன். மூன்றாவது வரிசைக்குப் போய்த் திரும்பி வந்தார்.

"பாய், என் வண்டி எங்க?"

தாவூது அவர் முகத்தைப் பார்த்தார். பச்சை ராலி.

"இப்பதான் சார் குடுத்தேன்."

"யாருக்கு?"

"வந்து கேட்டாங்க சார். தெரிஞ்ச ஆளு."

"யாரு அது?"

தாவூது மூன்றாவது வரிசையில் காலியாக இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் ரெண்டு வருஷமா வரேன். என் பேரு இன்னா, சொல்லு பாய்."

"முகம் தெரியும் சார்."

"முகத்தை வெச்சிகினு நான் இன்னா பண்றது. மாமனார் வூட்டுல குடுத்த வண்டி. அந்தாளு தூங்கி எழுந்தா முதல்ல வண்டியத்தான் விசாரிப்பாரு."

மறுநாள் போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். ஏட்டு கேசவன் ஸ்டாண்டுக்கே வந்தார். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது அவருக்கு. தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆளு எப்பிடி? கறுப்பா, செவப்பா?"

"மழைங்க ஏட்டய்யா."

"மழை கறுப்பா செவப்பான்னா கேட்டேன்? மீசை உண்டா?"

"இருந்திருக்கும்."

"வயசு?"

தாவூது யோசித்தார். யோசிக்க யோசிக்க அந்த முகம் துண்டுக்குள் பின்வாங்கிப் போயிற்று. "சொல்லத் தெரியல ஏட்டய்யா. கண்ணால பாத்தா சொல்லிடுவேன். தெரிஞ்ச முகம்தான்."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க," என்று கேசவன் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

நாலு நாள் கழித்துக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போலீஸ் நிலையத்துத் தாழ்வாரத்தில் ஐந்து பேர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். பழைய சைக்கிள் சாமான் விற்கிற கடைகளுக்கு வந்து போனவர்களில் சரியாகப் பதில் சொல்லாதவர்களைப் பிடித்து வந்திருந்தார்கள். கேசவன் தாவூதின் தோளில் கைவைத்து மெதுவாக நடத்திக்கொண்டு போனார். முதல் ஆள், இல்லை. இரண்டாவது ஆள், இல்லை. அந்த இரண்டு முகங்களையும் பார்க்கும்போது ஒன்றுமே நடக்கவில்லை. சுவரைப் பார்ப்பது போல இருந்தது.

மூன்றாவது ஆளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். இடது காது மடல் கிழிந்து இரண்டாக ஆறியிருந்தது. அவன் தாவூதைப் பார்த்ததும் சிரித்தான். சிரித்தபடியே எழுந்திருக்கப் பார்த்தான்.

"பாய்," என்றான். "அக்கா எப்பிடிகீறாங்கோ?"

தாவூதுக்கு உள்ளே ஏதோ பொருந்தி உட்கார்ந்தது. தெரிந்த முகம். சைனம்பு நடக்க முடியாமல் இருப்பது ஸ்டாண்டுக்கு வருகிற எல்லோருக்கும் தெரியும். போகிற போக்கில் பத்துப் பேராவது தினம் கேட்பார்கள்.

"பாத்தியா," என்றார் கேசவன். "சொந்தக்காரன் மாதிரி நலம் விசாரிக்கிறான். உக்கார்ரா கீழ."

"சார், நான் வந்து..."

"உன்னக் கேக்கல. பாய், இவனத் தெரியுமா?"

"தெரியும் ஏட்டய்யா."

"நல்லாத் தெரியுமா?"

தாவூது தலையை அசைத்தார். "நல்லாத் தெரியும்."

கடைசி இரண்டு பேரை அவர் பார்க்கவில்லை. பார்க்கச் சொல்லவும் இல்லை. கேசவன் எழுதியதை வாசித்துக் காட்டினார். 'மேற்படி நபரை எனக்கு நன்றாகத் தெரியும், அவரே' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் போயிற்று. தாவூது கையெழுத்துப் போட்டார். அந்த ஆளுடைய பெயர் சுப்பிரமணி என்பது அந்தத் தாளிலிருந்துதான் அவருக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது சைனம்பு கட்டிலில் சாய்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிணற்றடியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, காலில் கனம் கட்டித் தொங்கவிட்டு நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். இப்போதும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். உட்கார்ந்த இடத்திலிருந்து வாய் மட்டும் எல்லா இடத்துக்கும் போய்வரும்.

"புடிச்சிட்டாங்க," என்றார் தாவூது.

"யாரு?"

"தெரிஞ்ச ஆளுதான்."

"தெரிஞ்ச ஆளுன்னா யாரு?"

"ஸ்டாண்டுக்கு வர்றவன்."

"எந்த ஊரு?"

"அதெல்லாம் யார் கேட்டா."

"எந்த வண்டிய வுடுவான்?"

தாவூது சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை பாதியில் நின்றது. ஒரு முகத்தை நினைத்தால் வண்டி வந்துவிடும். மட்கார்டில் கீறல், சீட்டு உறை, கைப்பிடியில் சுற்றிய பிளாஸ்டிக் நாடா எல்லாம் வரும். ராஜாராம் முகத்தை நினைத்தார், பச்சை ராலி வந்தது. தாலுகா ஆபீஸ் கிளார்க்கை நினைத்தார், பிரேக் கட்டை தேய்ந்த ஹெர்குலஸ் வந்தது. கிழிந்த காதை நினைத்தார். எந்த வண்டியும் வரவில்லை.

"இன்னா, பேச்சக் காணோம்," என்றாள் சைனம்பு.

"வண்டி ஞாபகம் வரல."

"உங்களுக்கா?"

"அவன் என்னப் பாத்து சிரிச்சான். அக்கா எப்பிடிகீறாங்கன்னு உன்னக் கேட்டான்."

சைனம்பு முறத்தைக் கீழே வைத்தாள். "ஆளு எப்பிடி இருந்தான்?"

"எடது காது கிழிஞ்சி..."

"ரெண்டா பொளந்து ஆறியிருக்குமே. மாடு கிழிச்சது."

தாவூது அவளைப் பார்த்தார்.

"படாளத்துக்காரன்," என்றாள். "சுப்பிரமணி. என் பக்கத்துக் கட்டிலு சம்பூர்ணத்தோட புருஷன். நெல்லு வண்டியில இருந்து வுழுந்து தொடை ஒடிஞ்சி கெடந்தாளே, அவ. தெனம் கீழ போயி வெந்நி புடிச்சாந்து எனக்கு ஒரு சொம்பு ஊத்திட்டு அப்பறம்தான் அவளுக்கு ஊத்துவான். அவ அதுக்கு ஒரு நாளு சண்ட கூட போட்டா. உங்களுக்கு ஞாபகம் இல்ல?"

"இல்லியே."

"எப்பிடி இருக்கும். வேலைய முடிச்சிகினு வருவீங்க, பெஞ்சுல உக்காருவீங்க, தூங்கிடுவீங்க. ஒரு நாளு உங்க தலை அவன் தோளு மேல சாஞ்சிட்டுது. அவன் அசையல. பீடி குடிக்கப் போகணும்னு எழுந்தவன், அப்பிடியே உக்காந்துகினு கெடந்தான். நானும் சம்பூர்ணமும் சிரிச்சிகினு இருந்தோம். சிரிச்சா எனக்கு இடுப்பு வலிக்கும்."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பினாயில் வாடை, கட்டில் காலில் கட்டிய கனம், பெஞ்சின் மேல் யாரோ பேனாக்கத்தியால் குடைந்த ஓட்டை, பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பைத் துண்டால் பிடித்துக்கொண்டு கிழிந்த காது. நாற்பது நாளும் அந்தக் காது அவருக்கு ஒரு முழ தூரத்தில் இருந்திருக்கிறது. அந்த நாற்பது நாளையும் அவர் எங்கேயோ போட்டுவிட்டிருந்தார். முகம் மட்டும் எந்த இடமும் ஒட்டாமல் தங்கியிருக்கிறது.

"அவனா எடுத்தான்?" என்று கேட்டாள் சைனம்பு.

"அவனாத்தான் இருக்கணும்னு இல்ல."

"நீங்க இன்னா சொல்லிட்டு வந்தீங்க?"

"தெரியும்னேன்."

அவள் முறத்தை எடுத்து மறுபடி பொறுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "சம்பூர்ணத்துக்கு இன்னும் கால் சாய்ச்சிதான் நடக்க வரும்," என்றாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் வாயாடாமல் இருந்தால் அவருக்குத் தாங்காது.

மறுநாள் காலையில் ஸ்டாண்டில் உட்கார்ந்து அந்தச் செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பிப் போகப் பார்த்தார். மழை, தகரத்தின் சத்தம், கூட்டம், துண்டு. சீட்டின் மேல் நனைந்த ஒரு கை. பாய், அந்தப் பச்சை வண்டி. துண்டுக்குக் கீழே முகத்தைத் தேடினார். சுப்பிரமணியின் முகம் இருந்தது. காது கிழிந்து, சிரித்துக்கொண்டு. இவன் இல்லை, இவனை நேற்றுத்தான் இங்கே வைத்தேன் என்று சொல்லிக்கொண்டார். மறுபடி ஆரம்பத்திலிருந்து வந்தார். மழை, சத்தம், கூட்டம், துண்டு. மறுபடியும் சுப்பிரமணி. முன்பு அங்கே இருந்த முகம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. ஒரு ஆணியில் ஒரு சட்டைதான் தொங்கும் போலிருந்தது. அன்று வில்லை இல்லாத வண்டிகளைக் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் இரண்டு முறை பார்த்தார். மூன்று பேர் திட்டிவிட்டுப் போனார்கள்.

மத்தியானம் கேசவனிடம் போனார். அவர் சாப்பிட்டுவிட்டுப் பல்லுக் குத்திக்கொண்டிருந்தார்.

"ஏட்டய்யா, அந்த ஆள எனக்குத் தெரியும்."

"அதான் எழுதியாச்சே."

"இல்ல, ஆஸ்பத்திரியில தெரியும். எங்க வூட்டுல படுத்துகினு இருந்தப்ப பக்கத்துக் கட்டிலு."

"சரி."

"ஸ்டாண்டுல பாத்து இல்ல."

"முன்னப் பின்னத் தெரிஞ்சவன்தான் தைரியமா வந்து கேப்பான். நீ இன்னும் ஸ்ட்ராங்கா சொல்ற பாய்."

"அப்பிடி இல்ல ஏட்டய்யா. தெரிஞ்ச முகம்னு வண்டியக் குடுத்தேன். தெரிஞ்ச முகம்னு இவனக் காட்டினேன். ரெண்டும் ஒண்ணான்னு கேட்டா..."

கேசவன் குச்சியைத் தூர எறிந்தார். "நேத்து தெரியுமான்னேன், தெரியும்ன. இப்ப தெரியுமான்னா, தெரியும்ன்ற. நான் எதத் திருத்தி எழுதணும், நீயே சொல்லு."

கேசவன் கேட்டது நியாயமாகத்தான் இருந்தது.

"ஆளு கோர்ட்டுக்குப் போயாச்சு, சப் ஜெயிலு," என்றார் கேசவன், குரலைத் தணித்து. "இனிமே என் கையில இல்ல. கோர்ட்டுல கேப்பாங்க, அங்க இன்னா தோணுதோ சொல்லு. மாத்திச் சொன்னா உம்மேல கேஸ் போடலாம்னு இருக்கு. போட மாட்டாங்க. ஆனா இருக்கு. தெரிஞ்சிக்கோ."

கையெழுத்துப் போட்டதிலிருந்து பதினேழாம் நாள் வழக்கு எடுத்தார்கள். தாவூது காலை ஒன்பது மணிக்கே போய்விட்டார். கோர்ட்டு வராந்தாவில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தூக்குவாளி. தாவூது அவளைத் தாண்டிப் போய்விட்டு நின்றார். இந்த முறை அவர் அவசரப்படவில்லை. மனதில் ஆஸ்பத்திரிக் கட்டிலை வரவழைத்தார். தொங்கும் காலை வரவழைத்தார். அதற்குப் பிறகுதான் திரும்பி வந்து, "சம்பூர்ணம்?" என்றார்.

"உக்காருங்க பாய்," என்றாள் அவள். அவர் உட்காரவில்லை.

"அக்கா நடக்கிறாங்களா?"

"செவுரு புடிச்சி."

"நானும்தான்." தூக்குவாளியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள். "மூட்ட ஏத்துற வேலைக்கு எங்க வூட்டு ஆளு போன லாரில வேற ஆளு போட்டுட்டாங்க. அது வண்டிக்குச் செயினு வாங்கணும்னு பழைய சாமான் கடைக்கு வந்துச்சி, அவ்ளோதான். செவ்வாக்கெழம அது எங்க இருந்துச்சின்னு கேட்டாங்க. லாரில. லாரி டிரைவர் வந்து சொல்றேன்னான். வரல." தூக்குவாளி மூடியை அழுத்தினாள். "இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பாய். வேற ஒண்ணும் வேணாம்."

சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. அந்த வார்த்தைக்கு அடியில் வைக்க அவரிடம் எதுவும் இல்லை.

அவருடைய முறை வந்தபோது பன்னிரண்டரை ஆகியிருந்தது. மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். சுப்பிரமணி எதிரே நின்றான். மெலிந்திருந்தான். இப்போது சிரிக்கவில்லை.

சர்க்கார் வக்கீல் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எதிரில் நிற்பவரை உமக்குத் தெரியுமா?"

"தெரியும் ஐயா."

"எப்படித் தெரியும்?"

"ரெண்டு வருஷம் முன்னால ஆஸ்பத்திரியில தெரியும்."

வக்கீல் தலையைத் தூக்கினார். "சைக்கிளை வாங்கிச் சென்றவர் இவர் என்று கையெழுத்திட்டிருக்கிறீர்."

"முகம் தெரிஞ்சுது ஐயா. எங்க தெரியும்னு அப்ப ஞாபகம் வரல. வண்டி வாங்கினதா இருக்கும்னு நெனச்சிட்டேன்."

"அப்புறம்?"

"அப்பறம் எங்க வூட்டுல ஞாபகப்படுத்தினாங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். வயதானவர், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"உங்கள் மனைவி இருக்கட்டும். ஆறு மணிக்கு மழையில் வந்து சைக்கிளை வாங்கிய ஆளை நீங்கள் பார்த்தீர்கள்."

"பாத்தேன் ஐயா."

"அந்த ஆள் இவரா?"

தாவூது அந்தச் சாயங்காலத்துக்குத் திரும்பிப் போனார். மழை, தகரச் சத்தம், கூட்டம், துண்டு. பதினேழு நாளாகப் போய்ப் போய் அந்த வழி தேய்ந்திருந்தது. துண்டுக்குள் சுப்பிரமணி நின்றான்.

"நெனச்சிப் பாத்தா இவர் முகம்தான் வருது ஐயா," என்றார். சம்பூர்ணம் வாசலில் நின்றிருந்தது ஓரக்கண்ணில் பட்டது. "ஆனா அது அன்னைக்குப் பாத்ததா, போலீஸ் ஸ்டேஷன்ல பாத்ததான்னு பிரிக்க முடியல. ரெண்டும் கலந்துபோச்சி."

"இதெல்லாம் நான் எழுத முடியாது," என்றார் நீதிபதி. அதட்டவில்லை. களைத்திருந்தார். "இவர்தானா, இல்லையா? ஒன்று சொல்லுங்கள்."

தெரியாது என்று சொல்லலாமா என்று தாவூது ஒரு கணம் யோசித்தார். அதுதான் சரி. ஆனால் தெரியாது என்றால் ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட 'தெரியும்' அங்கே கிடக்கும். அதை அழிக்கத் 'தெரியாது' போதாது.

"இல்லைங்க," என்றார்.

தெரியும் என்று சொன்னபோது இருந்த நிச்சயத்தில் பாதிகூட இந்த 'இல்லை'க்குள் இல்லை. நீதிபதி எழுதிக்கொண்டார். வக்கீல் இரண்டு கேள்வி கேட்டார், மிரட்டினார், உட்கார்ந்தார். சைக்கிள் கிடைக்கவில்லை, வேறு சாட்சி இல்லை. சாயங்காலம் சுப்பிரமணியை விட்டுவிட்டார்கள். கேசவன் படியிறங்கும்போது தாவூதைப் பார்த்து, "நல்லா இரு பாய்," என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் கோபம் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் மதுராந்தகம் வண்டி நின்றிருந்தது. படாளத்துக்கு அதில்தான் போக வேண்டும். சம்பூர்ணத்தைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, சுப்பிரமணி கீழே நின்று பீடி பற்றவைத்தான். தாவூது எதிரே வந்து நின்றார். பின்னாலேயே வந்திருந்தார். வரும்போது என்ன சொல்வது என்று இரண்டு மூன்று வாக்கியம் வைத்திருந்தார். எல்லாம் போய்விட்டது.

"அன்னிக்கு என்னத் தெரியலயா பாய்?" என்றான் சுப்பிரமணி.

"தெரிஞ்சுது. அதுதான்."

சுப்பிரமணி புகையை ஒரு பக்கமாக விட்டான். "உன்னப் பாத்ததும் அப்பாடான்னு இருந்துச்சி. நம்ம பாய் வந்துட்டாரு, சொல்லி இட்டுகினு போயிடுவாருன்னு நெனச்சேன். பக்கத்துல உக்காந்துகினு இருந்தவன்கிட்ட கூடச் சொன்னேன்."

தாவூது தரையைப் பார்த்தார்.

"இப்ப இன்னா," என்றான் அவன். "கேக்கணும்னு வந்திருக்கிற, கேளு."

"ஒண்ணும் இல்ல."

"எடுத்தியான்னுதான கேக்கப் போற. கோர்ட்டுல உம்மூஞ்சப் பாத்துகினுதான் இருந்தேன். இல்லைன்னு வாய்தான் சொல்லிச்சி." பீடியைக் கீழே போட்டு மிதித்தான். "எடுக்கல பாய்."

"தெரியும்," என்றார் தாவூது.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தது. சுப்பிரமணி கோபப்படவில்லை. அவனும் களைத்திருந்தான்.

"அந்த வார்த்தைய வுடு. இனிமே எங்கனா பாத்தா தெரியாத மாதிரி போயிடு. நானும் போயிடுறேன். உன் வூட்டுல விசாரிச்சேன்னு மட்டும் சொல்லு."

"சரி."

சுப்பிரமணி ஏறிக்கொண்டான். ஜன்னல் பக்கம் அவன், உள்பக்கம் சம்பூர்ணம். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். வண்டி உடனே கிளம்பவில்லை. தாவூது போய்விட்டிருக்கலாம். சைக்கிள் ஸ்டாண்டில் பாசஞ்சருக்கு நேரமாகிவிட்டது, அங்கே வண்டிகளை எடுத்து வெளியே வைக்க வேறு ஆள் இல்லை. ஆனால் சரி என்று சொன்னதை அந்த இடத்திலேயே தொடங்க வேண்டியிருந்தது. எப்படித் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. பார்க்காமல் நகர்ந்தால் கோபித்துக்கொண்டு போவது போல இருக்கும். பார்த்துவிட்டு நகர்ந்தால் விடைபெறுவது போல இருக்கும். ஜன்னலுக்குக் கீழே, இரண்டு முழ தூரத்தில், மதுராந்தகம் என்று எழுதிய பலகையைப் படிப்பவர் போல நின்றுகொண்டிருந்தார். சுப்பிரமணி நேரே முன் சீட்டின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கிழிந்த காது இந்தப் பக்கம் இருந்தது.

உள்ளேயிருந்து சம்பூர்ணம் எட்டிப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுப்பிரமணி திரும்பாமலே அவள் கையின் மேல் கையை வைத்தான்.

டிரைவர் வர இருபது நிமிஷம் ஆயிற்று.